ப்ளஸ்டரியும் பஸ் ஸ்டாண்டும்

பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, பூட்டிய வாயைத் திறக்கவைக்கும் வேலை. தினமும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இதைச் செய்கிறேன். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து நொந்துபோன உங்களுக்கு என் பாடு புரியும். என் வகுப்பில் நாளுக்கு ஒரு வார்த்தை. மறுநாளுக்குள் அதை வெளியாள் ஒருவரிடம் பேசிவிட்டு வர வேண்டும். அன்று பலகையில் எழுதியது ‘ப்ளஸ்டரி’.

களத்துக் காற்று

விட்டுவிட்டு ஓங்கி அடிக்கும் காற்றை அப்படிச் சொல்வார்கள் என்றேன். ‘விண்டி’ என்றால் போதாதா என்று கேட்டார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி முருகேசன். அது சும்மா வீசுகிற காற்று, இது பந்தல் துணியைப் பிய்க்கிற காற்று என்றேன். மல்லாட்டை தூற்றும்போது காற்று சீராக வர வேண்டுமாம். விட்டுவிட்டு அடித்தால் சருகும் தூசியும் முகத்தில்தானாம். “அந்தக் காத்துக்கு எங்க களத்துல ஒரு பேரு இருக்குது மிஸ், உங்க முன்னாடி சொல்ல முடியாது” என்றார்.

சூப்பர்வைசருக்குப் பாராட்டு

வெறும் சத்தத்தாலேயே மிரட்டுகிற ஆளையும் ப்ளஸ்டரி என்பார்கள் என்று நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். துணிக்கடையில் வேலை பார்க்கும் ரத்னா, மறுநாளே வாடிக்கையாளர்கள் முன்னால் கத்திக்கொண்டிருந்த சூப்பர்வைசரிடம் “யூ ஆர் வெரி ப்ளஸ்டரி சார்” என்று சொல்லிவிட்டாள். அப்படி என்றால் என்னம்மா என்று அவர் கேட்க, காற்று மாதிரி வேகமாக வேலை பார்ப்பவர் என்று சமாளித்திருக்கிறாள். அன்று மாலை அவரே எனக்கு போன் செய்தார். “நம்ம பொண்ணு சூப்பரா பேசுதுங்க, இன்னும் ரெண்டு பேரை அனுப்பி வைக்கறேன்.”

வாழைப்பழக்கார அம்மாவின் கவலை

ஸ்டெல்லா கூட்டேரிப்பட்டிலிருந்து வரும் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு நேர்காணல்களுக்குப் போய், பதில் தெரிந்தும் வாயடைத்துத் திரும்பியவள். மூன்றாவதுதான் கடைசி என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். வகுப்பில் அவள் முறை வந்தால் உதடு மட்டும் அசையும். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம்.

விடுவேனா? பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். சென்னை பஸ் உறுமிக்கொண்டு நிற்கும் இடத்தில் நிறுத்தி, இங்கே உன் தப்பு யார் காதிலும் விழாது, பேசு என்றேன். முதல் நாள் அழுதாள். போகப்போக ஹாரனை மீறிப் பேசினாள். எங்களையே கவனித்துக்கொண்டிருந்த வாழைப்பழக்கார அம்மா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். “இந்தப் பொண்ண தெனம் இட்டாந்து எதுக்கும்மா கத்த வுட்றே, மயிலம் கோயிலுக்கு ஒருதபா இட்டுக்கினு போயி மந்திரிச்சிக்கினு வாயேன்” என்றார்.

மூன்றாவது நேர்காணல்

என் வகுப்பறையிலேயே வீடியோவில் நடந்தது. நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா பஸ் ஸ்டாண்டுக் குரலைக் குறைக்கவே இல்லை, கீழ்க்கடை வரை கேட்டது. நோயாளியின் சொந்தக்காரர் வார்டில் வந்து கத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டார் நேர்காணல் எடுத்த அதிகாரி. சொல்லுடி, ப்ளஸ்டரி சொல்லுடி என்று நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லவில்லை. தெரிந்த நாலு வார்த்தைகளை வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாக, அந்தச் சொந்தக்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது வரை சொல்லிக்கொண்டே போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்தவள் சொன்னாள்: “அந்த வார்த்தை வாயில வரவே இல்ல மிஸ், ஆனா நான் நிறுத்தல, அவருதான் போதும்னு நிறுத்துனாரு.”

ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, ப்ளஸ்டரிக்குத்தான் இன்னும் சரியான இடம் கிடைக்கவில்லை, நானும் விடுவதாக இல்லை.