ஐந்தடி வண்டியும் நாலடிப் பாலமும்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் மேற்குக் கரையில், ஹெட்லி ஸ்நூக் போன குளிர்காலம் முழுவதும் செய்த வேலை ஒன்றே ஒன்று: வண்டி ஒப்பிட்டது. விறகு இழுக்க ஒரு ஏடிவி (காட்டில் ஓடும் நாலு சக்கர வண்டி), வேட்டைக்கு ஒன்று, காட்டுப் பாதையில் சும்மா சுற்ற ஒன்று என்றுதான் கடைக்காரர்கள் விற்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்று மனிதருக்குப் பிடிவாதம். சமையலறை மேசை நிறைய விளம்பரத் தாள்களைப் பரப்பிக்கொண்டு, குதிரைத்திறன், டயர், சேற்றில் சிக்கினால் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச் என்று வாய் ஓயாமல் அளந்தார். விறகை என்னவோ யூனாதான் சுமந்தாள். கட்டிய பாவத்துக்கு முப்பது வருடமாக அந்த வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு ரூஃபஸின் ஏடிவி இருபது வருடப் பழசு. அதைக் கண்டால் ஹெட்லிக்கு ஊர் கேட்கச் சிரிக்க வேண்டும்.

"ஏன்டா ரூஃபஸ், இது வண்டியா, கோழிக்கூடா?"

"கோழிக்கூடுதான். போன வாரம் நாலு லோடு விறகு முட்டை போட்டுச்சு. உன்னோடது?"

கடைசியில் புது வண்டி வந்தது. ஐந்தடி அகலம்.

"அகலமா இருந்தாத்தான் வண்டி கவிழாது," என்றார் ஹெட்லி.

அந்த வருடம்தான், நாலு வருடமாகக் குலுக்கலில் விழாத மூஸ் வேட்டை லைசென்ஸ் யூனா பேருக்கு விழுந்தது. மாடு அளவு பெரிய அந்தக் காட்டுமான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க இறைச்சி. இல்லாவிட்டால் டின்னில் வருவதுதான்.

செப்டம்பரில் கிளம்பினார்கள். ஓடைப் பாலத்தின் வாயில் வண்டி முட்டிக்கொண்டு நின்றது. பாலம் நாலடி. பலகை அறைந்தது ஹெட்லியேதான். உலகத்து வண்டிகளையெல்லாம் அளந்தவர் அதை மட்டும் அளக்கவில்லை.

"பாலம் சுருங்கிருச்சு போல," என்றார்.

யூனா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்; ஹெட்லி பின்னால் போனார். அக்கரையில் அரை மைல் தள்ளி, ஒரே குண்டில் மூஸை வீழ்த்தினாள். இருவருமாக அறுத்து நாலு பாகமாக்குவதற்குள் வெயில் ஏறி ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. ஒரு தொடையே அவள் எடை இருக்கும். சீக்கிரம் வீடு சேராவிட்டால் அத்தனையும் பாழ்.

"ரூஃபஸைக் கூப்பிடு. அவன் வண்டி பாலத்துல போகும்," என்றாள்.

"அந்தக் கோழிக்கூட்டையா? செத்தாலும் மாட்டேன். என் வண்டி ஓடையில இறங்கியே வரும். புத்தகத்துல போட்டிருக்கு."

திரும்பிப் போய் இறக்கினார். நடு ஓடையில் வண்டி இரண்டு தரம் இருமி, தண்ணீர் குடித்து, அணைந்தது. விஞ்சும் அதோடு செத்தது.

யூனாவுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. நாலு வருடம் காத்துக் கிடைத்த இறைச்சி இந்த மனிதரின் வீம்பால் நாறப்போகிறது! மேட்டில் ஏறி, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அவளே ரூஃபஸை அழைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் ரூஃபஸ் வந்தான். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தான். ஹெட்லி தன் வண்டி இருக்கைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். விட்டு வந்தால் யாராவது திருடிவிடுவார்களாம்.

"அம்மணி, எதை முதல்ல இழுக்க? இவன் வண்டியையா, கறியையா?"

"கறியை. வெயில்ல கெட்டுப்போயிரும்."

"அப்ப நான்?" என்று ஓடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ இனிமே கெட என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, யூனா ரூஃபஸின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.