லேத்திலிருந்து கழற்றிய துண்டு

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் லேத்து ஓட்டினேன். அந்த லேத்தின் இரும்புப் படுக்கையில், சாமானைக் கவ்விச் சுழற்றும் சக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. சக்கிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் படுக்கை தனித் துண்டு. பெரிய சாமான் சுழல இடம் வேண்டுமென்றால் கழற்றலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கழற்றிய யாரையும் எனக்குத் தெரியாது.

கொழுந்து கொட்டிய ஒரு மாதத்தில், கொழுந்தை உருட்டும் ரோலரை ஓட்டுகிற பெல்ட் சக்கரம் வெடித்துவிட்டது. ஸ்டோரில் கிடந்த மாற்றுச் சக்கரத்தின் துளை சிறியது. அதைப் பெரிதாக்கலாம் என்று லேத்தில் ஏற்றினால் விளிம்பு படுக்கையில் இடித்தது.

தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா வந்து பார்த்தார். “ஹட்டனுக்கு அனுப்புனா ரெண்டு நாளாகும். மாடியில வாடப்போட்ட கொழுந்து கெடக்கு. இங்க முடியுமா?”

“முடியுங்க ஐயா.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனாலும் அந்தத் துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஃபிட்டர் அண்ணன் துணைக்கு வந்தார். ராகலைக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான்கு போல்ட்டும் எளிதாகக் கழன்றன. துண்டு அசையவில்லை. இரண்டு ஆணிகள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. அண்ணன் சுத்தியலை எடுத்தார்.

“அடிக்காதீங்கண்ணே. ஆணித் தலையில மரை எதுக்கு வெட்டியிருக்கான்?”

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு ஆணியின் மேல் ஒரு குழாய்த் துண்டைச் சொருகி, வாஷர் போட்டு, நட்டை முடுக்கினேன். முடுக்க முடுக்க ஆணி தானாக மேலே ஏறியது.

“வலிக்காம பல்லு புடுங்குற மாதிரில்ல வருது” என்றார் அண்ணன்.

துண்டைத் தூக்கிக் கீழே வைத்தோம். அது உட்கார்ந்திருந்த இடம் முழுக்கப் பிறை பிறையாகச் சுரண்டிய தடங்கள். மெஷின் வேலை இல்லை. எவரோ கையால் சுரண்டிச் சமன் செய்திருக்கிறார். நான் விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். அண்ணன்தான் சக்கரத்தை ஞாபகப்படுத்தினார்.

அன்று மாலையே ரோலர் ஓடியது.

மறுநாள் காலை துண்டைத் திரும்பப் பூட்டினோம். துடைத்து, ஆணிகளை இறக்கி, போல்ட்டை முடுக்கினோம். உளி தாங்கும் வண்டி கோட்டருகே வந்து நின்றுவிட்டது. கோட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினோம். அதே தடுக்கல்.

எங்கே முட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, உட்காரும் இடத்தில் மெல்லப் பூசி, துண்டை வைத்து எடுத்தேன். அடிப்பக்கத்தில் ஒரே ஒரு மூலையில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. அங்கே ஒரு வடு. அதன் ஓரம் சற்றே புடைத்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

“நாந்தாண்ணே. நேத்து கீழ வைக்கையில என் பக்கத்து மூலைய ஒரு நட்டு மேல வச்சிட்டேன். பாத்துட்டு நகத்தி வச்சேன், உங்ககிட்ட சொல்லல.”

“சரி விடு. எங்க இருக்குன்னு தெரிஞ்சிருச்சில்ல.”

சாணைக் கல்லால் அந்தப் புடைப்பை மட்டும் தேய்த்தேன். இம்முறை வண்டி கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஆசை தீராமல் முன்னும் பின்னும் ஓட்டினேன்.

டீமேக்கர் ஐயா எட்டிப் பார்த்தார். “ரோலர் நேத்தே ஓடிருச்சே, இன்னும் என்ன பண்றீங்க?”

கோட்டின் மேல் நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்து இழுத்தார்.

“ஒன்னுமே தெரியலையே.”

“அதுக்குத்தாங்க ஐயா, காலையிலேருந்து” என்றார் அண்ணன்.