அண்ணிக்குப் பிடித்துப்போன மாத்திரை

நோய்களுக்குள்ளும் அந்தஸ்து பார்க்கிறவர்கள் நாம். சர்க்கரை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கூட உட்கார்ந்து பக்குவம் சொல்லிவிட்டுப் போவார். எச்.ஐ.வி. என்று சொல்லிப் பாருங்கள், நீங்கள் உட்கார்ந்த நாற்காலியைக் கழுவி வைப்பார். காஜாக்காரிக்கு இது தெரியும். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து முதல்முறை மாத்திரை டப்பாவோடு வந்தபோது, "என்னடி அது?" என்று கேட்ட அண்ணியிடம், "சர்க்கரையாம் அண்ணி" என்று பச்சைப் பொய் சொன்னாள். டப்பாவின் லேபிளை வழியிலேயே உரித்துப் போட்டிருந்தாள்.

அண்ணி என்றால் செத்துப்போன கணவனின் அக்கா. வீடும் அவளுடையது, தொழிலும் அவளுடையது. முன்னறையில் தையல் மிஷினில் அண்ணி தைத்துத் தள்ளுவாள். எதிர்ச் சுவரோரம் பலகையில் உட்கார்ந்து இவள் சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பாள். துணி கொடுக்க வருகிறவர்கள் வைத்த பெயர்தான் காஜாக்காரி. தாய் தகப்பன் இல்லாத தம்பியை அண்ணிதான் வளர்த்தாள். "அந்தக் காமாலை மட்டும் வராம இருந்தா இன்னிக்கு ராஜா மாதிரி இருப்பான். ஒரு கெட்ட பழக்கம் உண்டா அவனுக்கு?" என்று அளவு எடுக்கும்போதே வருகிறவர்களிடம் கேட்பாள். காஜாக்காரி குனிந்த தலை நிமிராமல் அடுத்த காஜாவை எடுப்பாள். அந்த ராஜா அவளுக்கு விட்டுவிட்டுப் போன சொத்து அவள் ரத்தத்தில் இருந்தது.

சொன்ன பொய்யை நம்பி அண்ணி கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். காஜாக்காரிக்கு இனிப்பு என்றால் உயிர். வருடக்கணக்காகச் சர்க்கரை போடாத டீதான். இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்தே நாக்கு செத்துப்போனது.

அப்புறம் அண்ணிக்கே சர்க்கரை வந்தது. "உன்கிட்டேருந்துதான்டி எனக்கு ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். காஜாக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி சும்மா இருக்கிற ஆளா? விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்றை வாங்கிவந்தாள். தன் விரலில் குத்திய ஊசியோடு இவள் கையைப் பிடித்தாள். காஜாக்காரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஆளுக்கொரு ஊசிதான் அண்ணி" என்று சொல்லிப் புது ஊசியை எடுத்துத் தானே குத்திக்கொண்டாள். குத்திய ஊசியைத் தாளில் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணிக்கு முந்நூறைத் தாண்டியிருந்தது. இவளுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம்.

"பாருடி! உனக்குக் குடுக்கறதுதான் மாத்திரை. எனக்குக் குடுத்தது வெறும் சுண்ணாம்பு" என்றாள் அண்ணி. காஜாக்காரி அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

சில நாளில் டப்பாவை எடுத்தபோது கனம் குறைவாக இருந்தது. அண்ணி மறைக்கவெல்லாம் இல்லை. "நான்தான்டி எடுத்தேன். தினமும் ஒண்ணு போடறேன். என் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். உன்கிட்டக் கேட்டுத்தான் எடுக்கணுமா?" என்றாள்.

காஜாக்காரி டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அது என் உடம்புக்குன்னு எழுதிக் குடுத்தது அண்ணி."

"ஒரே சோறு சாப்பிடறோம். மாத்திரை மட்டும் வேறயா?"

அன்றே காஜாக்காரி டப்பாவை அரிசிக்குள் புதைத்து வைத்தாள். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. "என் வீட்டுல உக்காந்துக்கிட்டு எங்கிட்டயே ஒளிக்கிறியா?" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். இதற்கிடையில் தரையில் கிடந்த குண்டூசி ஒன்று அண்ணியின் குதிகாலில் ஏறியிருந்தது. புண் ஆறவில்லை, சுற்றிலும் கறுத்துப்போனது. மிஷின் மிதிக்கும்போது அண்ணி பல்லைக் கடித்தாள். அவளுடைய மாத்திரையைத் திரும்பப் போடச் சொல்லிக் காஜாக்காரி கெஞ்சினாள். அண்ணி காதிலேயே வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தெருவில் நிற்க வேண்டும், சொல்லாவிட்டால் அந்தக் கால் போய்விடும். பயத்தோடு காஜாக்காரிக்குக் கோபமும் வந்தது, செத்தவன் மேல்தான். அவன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் அண்ணி நொண்டிக்கொண்டே செருப்பை மாட்டினாள். முன்பே எடுத்து வைத்திருந்த ஒரு மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. "நீ குடுக்க வேணாம் தாயே. மருந்துக்கடையில இதைக் காட்டி நானே வாங்கிக்கறேன்." அந்தக் கடைக்காரர் அண்ணியிடம்தான் சட்டை தைக்கிறார். அவர் வாயில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் போய்விடும்.

காஜாக்காரி வாசலை மறித்து நின்றாள். "அண்ணி, அது சர்க்கரை மாத்திரை இல்ல."

"பின்ன?"

"எய்ட்ஸ்னு சொல்லுவாங்களே, அந்தக் கிருமிக்குப் போடறது. எனக்கு அதான்."

அண்ணி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். முதலில் கேட்டது தன்னைப் பற்றி. "இத்தனை நாள் இதை முழுங்கியிருக்கேனே, எனக்கும் வந்துடுமா?"

"மாத்திரையால வராது அண்ணி. ஒரே வீட்டுல இருக்கறதாலயும் வராது. ஆனா உங்க மாத்திரையைப் போடலன்னா காலை எடுத்துருவாங்க."

அடுத்துத்தான் அண்ணி கேட்டாள். "என் தம்பிக்கு?"

"அவருக்கும் அதான். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. டாக்டர்கிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு."

அறைவாள் என்று காஜாக்காரி எதிர்பார்த்தாள். அண்ணி அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

"நான் எங்கயாவது போயிடறேன் அண்ணி."

"எங்க போவே? ஊரெல்லாம் போய்ச் சொல்றதுக்கா? நீ இங்கதான் இருப்பே. இந்தப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது. அந்த ஆஸ்பத்திரிக்கும் இனிமே போக வேணாம். தெரிஞ்சவங்க யாராவது பாத்தா என் தம்பி பேரு நாறிடும்."

துரத்திவிடுவாளே என்றுதான் இத்தனை வருடம் பயந்து செத்தாள். வெளியே விடமாட்டாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"மாத்திரை அங்கதான் அண்ணி குடுப்பாங்க. அது இல்லாட்டி நான் செத்துருவேன்."

செத்துவிடுவேன் என்று ஒருத்தி சொன்னால் யாராக இருந்தாலும் ஐயோ என்றாவது சொல்வார்கள். அண்ணியோ மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மாத்திரை இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. இவள் உயிரா, தம்பி பேரா என்று அவள் யோசிக்கிறாள் என்பது காஜாக்காரிக்குப் புரிந்தது.

யோசித்து முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. அந்தக் கையைப் பிரித்து மாத்திரையை எடுத்து, அண்ணி பார்க்கப் பார்க்க, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.