தாசில்தார் பூனையின் பத்தியம்

சவுரிராயனுக்கு அந்தப் பூனை மேல் இருந்த கோபம் இன்று நேற்று வந்ததல்ல. முகையூரில் ஒரு கல்யாணம். சீர் மெத்தை இவனுடைய கைவேலை. நல்ல இலவம்பஞ்சு அடைத்து, பளபளவென்று ரோஸ் கலரில் உறை தைத்து, காலையில் ஏற்றி அனுப்பலாம் என்று கடைக்குள் விரித்து வைத்திருந்தான். விடிந்து ஷட்டரைத் தூக்கினால், மாப்பிள்ளையும் பெண்ணும் படுக்க வேண்டிய இடத்தில் பூனை படுத்திருக்கிறது. சும்மா படுத்திருந்தால்கூடத் தட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். வயிற்றில் இருந்ததை எல்லாம் மெத்தையில் இறக்கிவிட்டு, பாரம் குறைந்த நிம்மதியில் தூங்கிக்கொண்டிருந்தது.

பெண்வீட்டார் கடை வாசலில் நின்று போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது. முகையூர் அவன் பிறந்த ஊர் வேறு. மாதா கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, "வாய்யா பூனமெத்த" என்றுதான் அங்கே இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். கடை இருக்கிற திண்டிவனத்தில் டீக்கடைக்காரன்கூட அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டான்.

பூனை பக்கத்து வீட்டு பிரபாவதியுடையது. மயிலத்துப் பக்கம் நாலு காணி நிலம் வைத்துப் பயிர் செய்த வீட்டில் பிறந்தவர் அவர். கணவர் போன பிறகு வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றார். அரிசி மூட்டைக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. பூனை வந்த வேலையைச் சில வருஷம் பார்த்துவிட்டு, பிறகு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வருகிற ஆட்களை மேலும் கீழும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது. அதனால் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தார்.

தாசில்தாருக்கு வயசான பிறகு வயிறு கெட்டது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூணாவது நாள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிடும். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒருநாள் காலையில் பிரபாவதி கடை வாசலில் வந்து நின்றார்.

"சவுரி, விழுப்புரம் போறியாமே?"

"ஆமாக்கா. துணி எடுக்கப் போறேன்."

"இதையும் வண்டியில போட்டுக்கினு போலாம்யா. அங்க ஒரு டாக்டரம்மா பூன நல்லா பாக்கறாங்களாம். பஸ்சுல ஏத்த மாட்டேன்றான்."

"என் மெத்தய நாசம் பண்ணதுக்கு என் வண்டியிலயே ஊர்வலமா?"

"உன் மெத்த மேல போனதுதானய்யா மொத மொத போனது. உனுக்கும் அதுல பங்கு இருக்குதில்ல."

சவுரிராயன் லோடு ஆட்டோவின் கதவைத் திறந்துவிட்டான்.

டாக்டர் கலைப்பிரியா சின்ன வயசு. தாசில்தாரின் வயிற்றை விரல் நுனியால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார். சவுரிராயன் வெளியே நின்று பீடி பிடிக்கலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் திரையில் பூனையின் குடல் கறுப்பும் வெளுப்புமாக நெளிவதைப் பார்த்ததும் கால் நகரவில்லை. ஒரு மெத்தையைக் கெடுத்த சாமான் எது என்று பார்க்கிற ஆசை அவனுக்கு.

"குடலோட உள்பக்கம் எப்பவும் வீங்கியே இருக்கு. இது வந்துட்டுப் போற வியாதி இல்லம்மா. சக்கரை மாதிரி, கூடவே வச்சுக்கிட்டு ஓட்டணும்," என்றார் டாக்டர். "தினம் ஒரு மாத்திரை. நீங்களா நிறுத்தக் கூடாது. சாப்பாடு ஒரே ஒரு கறிதான். கோழின்னா கோழி மட்டும், உப்பு மஞ்சள் எதுவும் போடாம வேகவச்சு, இந்தப் பொடியைக் கலந்து குடுங்க. பால் கூடவே கூடாது."

"பாலா?" என்று சவுரிராயன் குறுக்கே விழுந்தான். "பூனைக்கா?"

"வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காதுங்க. நிறையப் பூனைக்கு அப்படித்தான்."

வண்டியைத் திண்டிவனத்துக்குத் திருப்பினான். ஐம்பது வயசு வரை பூனை என்றால் பால் என்றே நினைத்துக்கொண்டிருந்தவன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதில் இன்னும் என்னவெல்லாம் தப்பிப் போயிற்றோ என்று வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தான்.

கோழி கொடுத்தார்கள், பூனை தேறியது. பிறகு விழுந்தது. மறுபடி தேறியது, மறுபடி விழுந்தது. இரண்டாவது தடவை போனபோது டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார்.

"வேற ஏதாவது குடுக்கறீங்களாம்மா?"

"மயிலம் முருகன் சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்ன கோழிதான்."

"அப்படின்னா உள்ள கட்டி ஏதாவது இருக்கலாம். மருந்தை ஏத்தினா இந்த வயசுல தாங்குமான்னு தெரியல. ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் இறங்கிக்கிட்டே போனா, ரொம்பக் கஷ்டப்பட விடாம தூங்க வச்சிடறதுதான் அதுக்கு நல்லது."

திரும்பும்போது பிரபாவதி கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் சொன்னார்.

"காலையில கிரைண்டர் சுவிச்சு போட்ட ஒடனே வந்து நின்னுக்கினு திட்டும்யா. அந்தச் சத்தம் அதுக்கு ஆவாது. அவுரும் அப்பிடித்தான் திட்டுவாரு. இதுவும் போயிடுச்சின்னா என்னைத் திட்டறதுக்கு யாரு இருக்காங்க, சொல்லு."

"நான் திட்டறேன் வுடுக்கா," என்றான் சவுரிராயன்.

அவர் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்புக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

அன்றிலிருந்து அவனுக்கு வேலை ஓடவில்லை. கோழியைத் தவிர வேறெதையும் தின்னாத பூனைக்கு எதனால் இரண்டு நாள் நன்றாக இருந்து ஒருநாள் கெடுகிறது? வீங்கிய குடல் என்றால் தினமும்தானே வீங்கியிருக்க வேண்டும்? பஞ்சு அடைத்துக்கொண்டே யோசித்தான். பல்லி பிடித்துத் தின்கிறதா என்று மதில் மேல் எட்டிப் பார்த்தான். பல்லி பூனையின் மூக்குக்கு நேராகவே போயிற்று, தாசில்தார் மனு வாங்கக்கூடத் தயாராக இல்லை. கிரைண்டர் கழுவிய தண்ணீரைக் குடிக்கிறதா என்று பார்த்தான். அதுவும் இல்லை.

ஒன்று மட்டும் தட்டுப்பட்டது. அந்த அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரக்கூந்தலை முடிந்து, நெற்றி நிறைய விபூதியோடு மாவு விற்கிறாரே, அந்த நாளுக்கு மறுநாள்தான் பூனை கெடுகிறது. சாம்பிராணிப் புகைதான் வேலை செய்கிறது என்று முடிவுகட்டினான்.

"அக்கா, சாம்பிராணி போடறத நிறுத்து."

"ஏன், உனுக்கு இருமல் வருதா?"

"தாசில்தாருக்கு அதாங்க்கா ஆவல."

"போய்யா பேஜாரு புடிச்சவனே. புகைய மூக்காலதான உள்ள இழுக்குது? பேதி அந்தப் பக்கமா போவுது?"

வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விடவில்லை. அடுத்த கிருத்திகை அன்று மத்தியானம் மாவு வாங்குகிற சாக்கில் நேராகப் பின்கட்டுக்கே போய்விட்டான். தாசில்தார் தட்டில் முகத்தைப் புதைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தட்டில் வெள்ளையாகக் குழைய குழைய என்னவோ இருந்தது.

"இன்னாக்கா இது?"

"பால்சோறு."

"டாக்டரம்மா பால் கூடாதுன்னாங்களே!"

"ஆமாம். இன்னிக்கிக் கிருத்திகைய்யா."

"பூனைக்கு இன்னாக்கா கிருத்திகை?"

"கிருத்திகை பூனைக்கு இல்ல, அடுப்புக்கு. இன்னிக்கி என் அடுப்புல எப்பிடிய்யா கோழி வேவும்?"

"முருகன் சத்தியமா வேற எதுவும் குடுக்கலன்னு சொன்னியே!"

பிரபாவதி அவனை விசித்திரமாகப் பார்த்தார். "எங்க குடுத்தேன்? கறி ஆக்கற நாள்ல கோழியத் தவிர ஒண்ணும் குடுக்கல. விரத நாள்ல கறி ஆக்க மாட்டோம்னு டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? அவங்களும் விபூதி வெச்சிக்கினுதான இருந்தாங்க?"

சவுரிராயன் விரல்விட்டு எண்ணினான். செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, அமாவாசை. வாரத்தில் பாதி பூனைக்குப் பால். மாவு வாளி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் முகத்தைப் பார்த்ததும்தான் அந்த அம்மாவுக்கு விளங்கிற்று. தட்டைப் பிடுங்கினார். தாசில்தார் திட்டியது. பிரபாவதி அப்படியே தரையில் குந்தினார்.

"ஐயோ, நானே கொன்னுக்கினு இருந்தேனாய்யா? அடுத்த வாரம் பொரட்டாசி பொறக்குதே. மாசம் பூரா கவுச்சி கிடையாதே. போன பொரட்டாசியிலதான் இது துணி மாதிரி ஆயிடுச்சி."

"மொத நாளே வேகவெச்சி பிரிஜ்ஜில வெச்சிக்க."

"மாவு இருக்கற பிரிஜ்ஜிலயா? விரதத்துக்குன்னு நம்பி வாங்கிக்கினு போறாங்களே, அவங்க வாயில மண்ணப் போடச் சொல்றியா? அதுவும் இல்லாம இது பழசு தொடாது."

அது உண்மை. அவன் தாடையைச் சொறிந்துகொண்டான். சொல்லப் போவது தனக்கே பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"என் வீட்டு அடுப்புக்குப் பொரட்டாசி கிடையாது."

அவன் மனைவி பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "உன் அம்மாவுக்கு உப்பில்லாத கஞ்சி வெச்சிக் குடுன்னப்ப எனுக்கு நேரமில்லன்னு ஓட்டல்ல வாங்கிக்கினு வந்த ஆளு நீ. இப்ப பூனைக்குப் பத்தியமா?" திட்டிக்கொண்டேதான் குக்கரைக் கழுவி எடுத்தாள்.

டாக்டருக்கு போனில் விஷயத்தைச் சொன்னான். "நான் கேட்டிருக்கணும்," என்றார் அவர். "எங்க வீட்லயும் கிருத்திகைக்குக் கறி கிடையாதுங்க. சரி, மொதல்லேருந்து ஆரம்பிங்க. ஒருநாள்கூடத் தவறக் கூடாது."

புரட்டாசி முழுக்க சவுரிராயன் வீட்டில் கோழி வெந்தது. கிண்ணத்தை மதில் மேல் வைப்பான். பூனை அவன் பக்கமே வந்து தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகும். அந்த வாயோடு சாமி ரூமுக்குள் போகலாமா என்று பிரபாவதிக்கு முதலில் ஒரு சங்கடம் இருந்தது. "வெளிய தின்னுட்டு வர்ற ஆம்பளைங்கள உள்ள சேத்துக்கலியா?" என்று பிலோமினா கேட்டதும் அது தீர்ந்தது.

பூனை வெளிக்குப் போக மதிலடியில் மண் கொட்டி வைத்த தட்டைத் தினம் காலையில் பார்ப்பது சவுரிராயனின் வேலை ஆயிற்று. யாரும் சொல்லவில்லை, அவனுக்குத்தான் பொறுக்காது. ஒருநாள் கடையில் மெத்தை பார்க்க வந்த சம்பந்திகள் உட்கார்ந்திருக்கும்போதே மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினான்.

"அக்கா! கெட்டியா போயிருக்குது! ஜல்தி வந்து பாரு!"

சம்பந்திகள் எழுந்து வேறு கடைக்குப் போனார்கள். அவன் கவனிக்கவில்லை.

மாசக் கடைசியில் எடை ஏறியிருந்தது. குணமாகிவிட்டதா என்று பிரபாவதி கேட்டதற்கு, "குணமாகாதும்மா. ஆனா இப்படியே பாத்துக்கிட்டா இருக்கும்," என்றார் டாக்டர். அந்த "இருக்கும்" என்ற ஒரு சொல்லைப் பிரபாவதி திண்டிவனம் வரும் வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த சிக்கல் சவுரிராயன் பக்கமிருந்து வந்தது. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். பிலோமினா அந்த நாட்களில் வீட்டில் கறி வாசனையே காட்டமாட்டாள். மற்ற நாளைப் பிரபாவதி பார்த்துக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் சனியும் எந்த வீட்டிலும் கவுச்சி கிடையாது. "உன் சாமிய ஒருநாள் பொறுத்துக்கச் சொல்லு" என்று இவர் சொல்ல, "உன் முருகன் பொறுத்துக்க மாட்டாரா?" என்று அவள் கேட்க, இரண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். சவுரிராயன் இரண்டு வீட்டுக்கும் நடுவில், சாக்கடை மேல் போட்ட சிமெண்டுப் பலகையில், மூன்று செங்கல்லை வைத்து நெருப்பு மூட்டினான். அது எந்த வீட்டு அடுப்பும் இல்லை. போகிற வருகிறவன் எல்லாம், "இன்னா பூனமெத்த, புதுசா ஓட்டலா?" என்று கேட்டுவிட்டுப் போனான். "உனுக்கு இல்ல, போ" என்றான் இவன்.

இப்படியே ஓடியது. தாசில்தார் அப்பப்போ சுருண்டது, டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், குறைத்தார். மறுபடி மூட்டை மேல் ஏறியது. இடையில் பிரபாவதிக்கு மாரடைப்பு வந்து, பாண்டிச்சேரியில் படுத்திருந்து திரும்பினார். சென்னையிலிருந்து மகன் கோகுலகிருஷ்ணன் வந்து கிரைண்டரை நிறுத்தினான். அவன் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பிரபாவதி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சவுரிராயனைக் கூப்பிட்டார். இவன் உள்ளே போனபோது, கட்டிலில் அவர் காலடியில் தாசில்தார் படுத்திருந்தது.

"சவுரி, பொணம் எடுக்கற வரைக்கும் தெருவுல ஒருத்தரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க, தெரியுமில்ல?"

"இன்னாத்துக்குக்கா இப்ப அந்தப் பேச்சு?"

"பேச வுடுய்யா. பெங்களூரு, சேலம்னு சொந்தக்காரங்க வர்றதுக்கே ஒருநாள் ஆயிடும். அப்பால காரியம் முடியற வரைக்கும் கவுச்சி ஆவாதுன்னுவாங்க. என் புள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. எவளாச்சும் பாவம் பாத்துக்கினு இதுக்குப் பால ஊத்திடுவா. அதனால நான் வாசல்ல கெடக்கறப்பவே நீ அடுப்ப மூட்டிடு. எவன் மொறச்சாலும் நான்தான் மூட்டச் சொன்னேன்னு சொல்லு. எனுக்கு மாலைய அப்புறமா போட்டுக்கலாம், மொதல்ல கோழி வேவட்டும். மாத்திரைய மறந்துடாத. உப்பு போட்டுடாத."