அமரர் நீரஜா

நீரஜாவுக்குச் சரித்திரம் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு காலைகளில் தி. நகர் பெரிய பூங்காவுக்கு வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றிவந்து கதை சொல்வாள். இந்த இடம் முன்பு ஏரி, அதைத் தூர்த்துத்தான் தெருக்களைப் போட்டார்கள். நடுவில் நிற்கும் மண்டபத்தில் ஒரு காலத்தில் ரேடியோ பாடும், செய்தி கேட்கப் புல்தரை நிறையக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அல்லிக்குளத்துக்கு ஒரு கதை, தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு கதை. கேட்பவர்களில் பாதிப் பேர் அருகம்புல் ஜூஸைக் குடித்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். அவள் விடமாட்டாள். அங்கே எல்லாருக்கும் அவள் 'டீச்சர்'தான்.

சொந்தக் கதையை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவன் கல்யாணராமன், நங்கநல்லூர் ஆஞ்சநேயரை விழுந்து விழுந்து கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை அறைகிற பக்திமான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் கட்டின புடவையோடு கிளம்பிவிட்டாள். சின்னப் பெண் வர்ஷினியை அவன் விடவில்லை. அது ஒன்றுதான் நீரஜாவின் ஆறாத புண்.

வளர்ந்ததும் வர்ஷினி அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவுக்கு போன் செய்யத் தொடங்கினாள். கல்யாணம் நிச்சயமானதையும் அவளேதான் சொன்னாள். “பத்திரிகை அடிச்சதும் நானே நேர்ல கொண்டு வரேம்மா.” நீரஜா அன்று சாயங்காலமே பாண்டி பஜாருக்கு ஓடிப்போய் அரக்கில் பட்டுப்புடவை எடுத்தாள். பிளவுஸும் தைத்தாயிற்று. பத்திரிகைதான் வந்தபாடில்லை.

பத்திரிகைக்கு முன்னால் பெஞ்ச் வந்தது. தோட்டக்காரர் கரீமுல்லாதான் முதலில் பார்த்தார்.

“டீச்சர், கொளத்தாண்ட புச்சா ஒரு பெஞ்ச் போட்டுக்கீறாங்க. உங்க பேரு கீது. ஆனா அமரர்னு எழுதிக்கீது. இன்னா டீச்சர் இது?”

போய்ப் பார்த்தாள். ‘அமரர் நீரஜா கல்யாணராமன் நினைவாக, குடும்பத்தினர் உபயம்.’ கறுப்புக் கல்லில் பொன்னெழுத்து. கல்யாணராமன் செய்ததைச் செலவு பார்க்காமல்தான் செய்திருந்தான். அங்கிருந்தே அவனுக்கு போன் போட்டாள்.

“பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு சம்பந்திகிட்ட சொல்லச் சொல்றியா? செத்துப்போயிட்டான்னேன். அவா உருகிப் போயிட்டா. எவ்வளவு கௌரவமா இருக்கு பாரு!”

“அதுக்கு பெஞ்ச் எதுக்கு?”

“நம்பணுமோல்லியோ? உனக்குத்தான் பார்க்னா பிடிக்குமே, அங்கேயே கிட.”

வர்ஷினிக்கு இது தெரியுமா என்று அவள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான். வேறொருத்தியாக இருந்தால் கடப்பாரையைத் தூக்கியிருப்பாள். பெண்ணின் கல்யாணம் கெட்டுவிடுமே என்று இவள் வாயை மூடிக்கொண்டாள். குழந்தைக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தால் சம்மதிப்பாளா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, கூட்டம் கலைந்த நேரம், நீரஜா குளத்தருகே பெஞ்சுப் பக்கம் நின்றிருந்தாள். வாசலில் வர்ஷினி வருவது தெரிந்தது. கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. நீரஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சொன்னபடி நேரிலேயே வந்துவிட்டாளே!

வர்ஷினிக்குப் பின்னால் மாப்பிள்ளை குருபிரசாத் வந்தான், அவன் அம்மா பூச்சரத்தோடு வந்தாள். வர்ஷினி நீரஜாவைத் தாண்டிப் போய்ப் பெஞ்சின் மேல் பத்திரிகையை வைத்தாள். சம்பந்தி அம்மாள் கல்லுக்குப் பூச்சாற்றிக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு அருகில் நின்ற நீரஜாவைப் பார்த்தாள்.

“நீங்க தினம் வர்றவாளா? இவ அம்மாவுக்கு இந்த இடம்னா உசிராமே. உங்களுக்கு அவாளைத் தெரியுமா?”

நீரஜா மகளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சலாவது இருந்திருக்கலாம். வாயைத் திறந்தால் பார் என்ற மிரட்டல்தான் இருந்தது. அப்படியே அப்பன் பார்வை.

“தெரியாது” என்றாள் நீரஜா.

வர்ஷினி தன் போனை அவளிடம் நீட்டினாள்.

“மாமி, ஒரு போட்டோ எடுத்துத் தரேளா? அம்மா பேர் நன்னாத் தெரியணும்.”

மூவரும் பெஞ்சின் பக்கத்தில் நெருங்கி நின்றார்கள். நீரஜா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“கொஞ்சம் சிரிங்கோ” என்றாள்.

வர்ஷினி சிரித்தாள்.