சந்தனம் வைத்த பந்தோடு ரெக்ஸ்டேலுக்கு

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு மில்லிக்கனில் அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டோம். காரை ஓட்டியவர் பாலன் அத்தான், அக்காவின் கணவர். என் மடியில் ஒரு சிறிய மரப்பெட்டி, அதற்குள் ஒரு பேஸ்போல் பந்து. பெட்டியைப் பின் இருக்கையில் வைக்கலாமே என்றேன். "வேண்டாம் நேசன், உது உம்மட மடியிலயே இருக்கட்டும்" என்றார். அக்கா மகளின் கல்யாணத்துக்காகக் கனடா வந்து மூன்று கிழமையாகிறது. இப்படியொரு பொறுப்பை எனக்கு யாரும் தரவில்லை. தாலித் தட்டைக்கூட வேறு யாரோதான் தூக்கினார்கள்.

நான் வவுனியாவில் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகளுக்கு இருபத்தைந்து வருடம் நடுவராக நின்றவன். பந்து நிலத்தில் குத்தாமல் நேரே வருவதைப் பந்துவீச்சு என்று நான் ஒப்புக்கொள்வதே இல்லை. இதை வந்த முதல் கிழமையிலேயே அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. என்னைப் பேஸ்மென்டுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு சுவர் முழுக்க ஒரே ஆளின் பொருட்கள். டெல்மர் ஹாஸ்கின் என்ற பந்துவீச்சாளர், பதினோரு அணிகளுக்கு விளையாடியவர். பதினோரு தொப்பிகள், படம் போட்ட பதினோரு அட்டைகள், எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து. கிண்ணம், விருது என்று ஒன்றும் கிடைக்காத மனிதர். மற்ற வீச்சாளர் அடிவாங்கித் தளர்ந்த பிறகு கொஞ்ச நேரம் வந்து எறிவார். பிறகு அவரை வேறு அணிக்குக் கைமாற்றிவிடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்.

"பெரிய ஆக்களை விட்டிட்டு ஏன் இந்த மனுசனைப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"உவர் ஏஜென்சி ஆள் மாதிரி. அதுதான்" என்றார்.

ரொறொன்ரோவில் ஏஜென்சி என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தற்காலிக வேலை பிடித்துத் தரும் இடம். விடியற்காலையில் வான் வந்து ஏற்றிப் போகும். இந்தக் கிழமை பிஸ்கட் தொழிற்சாலை, அடுத்த கிழமை பெட்டி அடுக்கும் கிடங்கு. பக்கத்தில் நிற்பவனின் பெயர் பழகுமுன்னே வேறிடம். அத்தான் அகதியாக வந்த முதல் கோடையில், நகரத்து விளையாட்டரங்கில் இருக்கை துடைக்க அனுப்பினார்களாம். ஆட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. வேலியோரம் பயிற்சி எறிந்துகொண்டிருந்த ஒருவர் இவரைப் பார்த்து, இன்றைக்கு முதல் நாளா என்று கேட்டிருக்கிறார். அத்தான் தலையாட்டினார். எனக்கும் இன்றுதான் முதல் நாள் என்று சொல்லி, கையிலிருந்த பந்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அவர்தான் ஹாஸ்கின். இரண்டு கிழமைக்குள் ஹாஸ்கினை இன்னோர் அணிக்கு அனுப்பினார்கள், அத்தானை இன்னொரு தொழிற்சாலைக்கு.

அதன் பிறகு ஹாஸ்கின் போன ஊருக்கெல்லாம் அத்தானின் கடிதமும் போனது. உள்ளே ஓர் அட்டை அல்லது தொப்பி, கூடவே திரும்பி வருவதற்கு அமெரிக்க முத்திரை தேடி வாங்கி ஒட்டிய உறை. ஒன்று தவறாமல் கையெழுத்தோடு திரும்பி வந்தன. முதல் நாள் கிடைத்த இந்தப் பந்தை மட்டும் அவர் தபாலில் போடவில்லை. தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போது ஹாஸ்கினுக்குக் கை நடுங்குகிறது, இனி எங்கும் கையெழுத்திட வரமாட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். கடைசியாக ரெக்ஸ்டேலில், பழைய வீரர்கள் கையெழுத்திடும் கண்காட்சியில், இன்று. இன்று விட்டால் இல்லை.

ஸ்டீல்ஸ் வீதியில் மேற்கே முப்பது கிலோமீற்றர், கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு. வழி நெடுக அத்தான் எனக்குப் பாடம் எடுத்தார். நீல நிறக் குமிழ்முனைப் பேனைதான் பந்தின் தோலில் நிற்கும். இரண்டு சிவப்புத் தையலும் நெருங்கி வரும் வெள்ளை இடத்தில்தான் கையெழுத்து விழவேண்டும். வாங்குபவர் தன் பெயரை எழுதச் சொல்லக்கூடாது, சொன்னால் பந்தின் மதிப்புப் போய்விடும்.

"உங்கட பக்கம் ஹாஸ்கின் மாதிரி இடம் மாறி மாறி விளையாடின ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார்.

"எங்கட பெடியள் ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் விளையாடுவாங்கள்" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

எட்டு ஐம்பதுக்கு ரெக்ஸ்டேல் மண்டபம். நுழைவுக்கட்டணம் பத்து டொலர். புகழ்பெற்றவர்களின் மேசைகளுக்கு முன்னால் வரிசை கதவுவரை நின்றது. ஹாஸ்கினின் மேசை கடைசி மூலையில். ஒரு கையெழுத்து இருபது டொலர், வரிசையில் ஏழு பேர். சீட்டை வாங்கிக்கொண்டு எட்டாவதாக நின்றோம். அத்தான் பெட்டியைத் திறந்தார்.

பந்தில் ஒரு பொட்டு. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். இரண்டு தையலும் நெருங்கி வரும் அந்த வெள்ளை இடத்தில், இம்மியும் பிசகாமல்.

அத்தான் உடனே கைபேசியில் அக்காவை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"இஞ்சாரும், பந்தில என்ன செய்தனீர்?"

"விடிய விளக்குக் கொளுத்தேக்க வைச்சனான். நல்ல காரியத்துக்கெல்லோ போறியள். கார் வாங்கேக்கயும் வைச்சதுதானே."

"அந்த இடத்தில ஏன் வைச்சனீர்?"

"அதுதானே நெத்தி மாதிரிக் கிடந்தது."

அத்தான் கைக்குட்டையால் துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் தோலில் இன்னும் பரவியது. பின்னால் நின்ற வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டு, இனி இதில் மை பிடிக்காது, பந்தும் கெட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தானின் முகம் செத்துப்போனது. "வாரும், திரும்பிப் போவம்" என்றார்.

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நடுவர் சொல்லுறன், அத்தான். ஆட்டம் இன்னும் முடியேல்ல. நில்லுங்கோ."

ஒன்பதரைக்கு எங்கள் முறை வந்தது. ஹாஸ்கின் பெரிய உடம்புக்காரர், நரைத்த மீசை. வலது கை மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. பந்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, இது என்ன சிவப்பு என்று கேட்டார். என் மனைவி உங்களுக்காகக் கடவுளைக் கும்பிட்டதன் அடையாளம் என்று அத்தான் தன் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்த முதல் நாள் கதையையும் சொன்னார்.

ஹாஸ்கினுக்கு அது நினைவில்லை. அதை மறைக்காமல் சொன்னார். ஆனால் ஒவ்வொரு புது ஊரிலும் முதல் நாள், அரங்கில் வேலை செய்யும் யாராவது ஒருவருக்குப் பந்து கொடுப்பது தன் வழக்கம் என்றார். அந்த ஊரில் தன்னைத் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும் என்று கொடுப்பாராம். பதினோரு ஊரில் பதினோரு பந்து. அவற்றில் ஒன்றோடு ஒருவர் திரும்பி வருவது இதுதான் முதல் தடவை என்றார். இந்த விளையாட்டைப் பற்றி மூன்று கிழமையாகச் சொன்னதையெல்லாம் அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பொட்டுக்குக் கீழே, தையலுக்கு வெளியே, கையெழுத்து விழுந்தது. நடுங்கிய கைதான், ஆனால் ஓர் எழுத்தையும் அவர் விடவில்லை. உங்கள் பெயரையும் எழுதவா என்று கேட்டார். வழியெல்லாம் பாடம் எடுத்த அத்தான், யோசிக்காமல், எழுத்துக்கூட்டி, "பாலன்" என்றார்.

பிறகு ஹாஸ்கின் தன் படமுள்ள அட்டை ஒன்றை எடுத்து அத்தானின் பக்கம் தள்ளிப் பேனையையும் நீட்டினார். உன் கையெழுத்து எனக்கு வேண்டும் என்றார். எத்தனையோ கையெழுத்துச் சேர்த்த அத்தானிடம் அவருடைய கையெழுத்தை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அத்தான் தமிழில் எழுதினார்.

பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் அக்கா காத்து நின்றார். "என்ன, பழுதாக்கிப்போட்டனோ?" என்றார். அத்தான் பெட்டியை அவர் கையில் கொடுத்து, "இல்லையப்பா, சரியான இடத்திலதான் வைச்சிருக்கிறீர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். காரில் அத்தானிடம் சொன்ன பதில் என்னை விடவில்லை, ஏனென்றால் அது பொய். ஒருத்தன் இருந்தான். ரவி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஐந்து பாடசாலைகளுக்குப் பந்து வீசியவன். எந்தப் பாடசாலையின் சுவரிலும் அவன் படம் இல்லை. இன்று வவுனியா பேருந்து நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டுகிறான். எத்தனையோ தரம் ஏறிப் போயிருக்கிறேன். அவன் பந்துவீச்சைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

ஸ்காபரோவில் ஒரு கடையில் முப்பத்தைந்து டொலருக்குக் கிரிக்கெட் பந்து ஒன்று வாங்கினேன். பயணப்பெட்டி கட்டும்போது, ரவியின் கதையைக் கேட்ட அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். இந்தமுறை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

"அவன் எந்த இடத்தில எழுதுவான், தம்பி?"