ஜெனரலின் நெற்றியில் குங்குமம்

ஷார்ஜா தொழில்பேட்டையில், ஓவியங்களைப் பெட்டி கட்டி அனுப்பும் கிடங்கில் எனக்கு வேலை. போன வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு ரஷ்ய அம்மாவுக்குச் சொந்தமான ஓவியம் வந்து இறங்கியது. அவருடைய முன்னோராம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெனரல். மார்பு நிறையப் பதக்கம், இடுப்பில் வாள், முறுக்கிய மீசை. எங்கள் பக்கம் என்றால் ஊர் எல்லையில் நிறுத்திக் கிடா வெட்டியிருப்பார்கள்.

மறுநாள் காலை ரம்பம், சுத்தியல், போர்க்லிப்ட் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த என் தங்கை கணவர், ஜெனரலையும் விடவில்லை. நெற்றி நடுவில் பளிச்சென்று குங்குமம்!

"அய்யய்யோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க மாப்ள?"

"வாள் வச்சிருக்காருல்ல மச்சான்? இன்னைக்குப் போயி அவர விட்டா நல்லாவா இருக்கும்?"

ஓவியத்தின் மேல் விரல் படக்கூடாது என்பதுதான் கிடங்கின் முதல் சட்டம். துடைக்கவும் பயம். அதற்குள் மேனேஜர் அந்த அம்மாவோடு உள்ளே வந்துவிட்டார்.

"கிஸ்னே கியா? யாரு செஞ்சது? இன்னைக்கே விசா கேன்சல்!"

மாப்பிள்ளையை வேலைக்குக் கூட்டி வந்ததே நான்தான். அவர் திரும்பிப் போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

"நான்தான் சார் வச்சேன்."

சொன்னது ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பாய், காயல்பட்டினத்துக்காரர். தொழுது தொழுது நெற்றியில் தழும்பு விழுந்த மனிதர், குங்குமம் வைத்தேன் என்கிறார்! மேனேஜர் அந்தத் தழும்பைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் சிவந்த விரலைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

அந்த அம்மா இது எதற்கு என்று கேட்டார். பாய் கைகட்டிக்கொண்டு, "ரெஸ்பெக்ட், மேடம். பிக் ரெஸ்பெக்ட்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவுக்கு இன்னொரு பதக்கம் கிடைத்ததாக வைத்துக்கொள்கிறேன், சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார், யாரையும் திட்டாதீர்கள் என்றார்.

"கலாஸ், முடிஞ்சுது. போய் வேலையப் பாருங்க" என்றார் மேனேஜர்.

டீ நேரத்தில் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குன்னா ரெண்டு திட்டோட போயிரும் தம்பி. அவரு புதுசு, டிக்கெட்டக் கையில குடுத்துருவாங்க" என்று சொல்லி, பூஜைப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

இந்த வருடம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. போன் வந்ததும் மாப்பிள்ளை என்னைத் தாண்டி ஓடி, பாயிடம்தான் முதலில் சொன்னார். தாய்மாமன் நான், எனக்கு அதில் துளி வருத்தமில்லை.